பழைய நீராவி எஞ்சின் வாங்குமுன் பாய்லரைப் பாருங்கள்

லண்டனின் ஹாரோ வட்டாரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பலருக்கு ராக்ஸ்போர்ன் பூங்காவின் குட்டி ரயிலைத் தெரிந்திருக்கும். ஹாரோ - வெம்ப்ளி மாடல் எஞ்சினியர்கள் சங்கத்தார் அதை ஓட்டுகிறார்கள். பிள்ளைகள் பெட்டியின் மேல் கால் போட்டு உட்கார, முன்னால் ஒருவர் முழங்கால் உயரமே உள்ள எஞ்சினுக்குக் கரண்டி அளவு நிலக்கரி போட்டபடி வருவதைப் பார்த்தால் பெரியவர்களுக்கும் ஆசை பிறந்துவிடும். பிரிட்டன் எங்கும் இப்படிச் சங்கங்கள் இருக்கின்றன. 3½ அங்குலம், 5 அங்குலம், 7¼ அங்குலம் என்று அவற்றின் தண்டவாள அகலங்கள் நிலைபெற்றுவிட்டன. 1898-இல் பெர்சிவல் மார்ஷல் தொடங்கிய ‘மாடல் எஞ்சினியர்’ இதழ் இந்தக் கலையை வீட்டுப் பட்டறைகளுக்குக் கொண்டுபோனது. ‘எல்.பி.எஸ்.சி.’ என்ற புனைபெயரில் 1920-களிலிருந்து அதில் எழுதியவரின் வரைபடங்களை வைத்தும், பின்னால் வந்த மார்ட்டின் எவன்ஸ், டான் யங் போன்றோரின் வரைபடங்களை வைத்தும் ஆயிரக்கணக்கானோர் சொந்தக் கையால் எஞ்சின் செய்தார்கள்.

அப்படிச் செய்தவர்களில் பெரும்பாலோர் இன்று முதியவர்கள், அல்லது உயிரோடு இல்லை. அவர்களுடைய எஞ்சின்கள் ஏலத்துக்கும் இணையச் சந்தைக்கும் தொடர்ந்து வந்துகொண்டிருக்கின்றன. ஒன்றைப் புதிதாகச் செய்யப் பல ஆண்டுகள் ஆகும். பழையதைச் சில ஆயிரம் பவுண்டுக்கு வாங்கி அடுத்த வாரமே ஓட்டலாம் என்று தோன்றுவது இயல்பு. வாங்கலாம், நானும் வாங்குங்கள் என்றே சொல்வேன். ஆனால் நீங்கள் பேரம் பேசும் பொருள் பொம்மை அல்ல, நெருப்பின் மேல் உட்கார்ந்திருக்கும் ஓர் அழுத்தக் கலன். அதைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் பணம் கைமாறும் முன்பே தெரிந்தாக வேண்டும். கைமாறிய பிறகு சட்டம் தரும் பாதுகாப்பு, வாங்குவோர் பலர் நம்பிக்கொண்டிருப்பதைவிடக் குறைவு.

பாய்லருக்குள் இருப்பது

நம் வீட்டுக் குக்கர் விசிலடிக்கும்போது அதனுள் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 15 பவுண்டு. 5 அங்குலத் தண்டவாளத்தில் ஓடும் சாதாரண எஞ்சினின் வேலை அழுத்தம் 80 முதல் 100 பவுண்டு வரை. 80 பவுண்டு அழுத்தத்தில் உள்ளிருக்கும் தண்ணீர் 162 டிகிரி செல்சியஸ் சூட்டில், இன்னும் தண்ணீராகவே இருக்கும். கலன் எங்காவது கிழிந்தால் அழுத்தம் ஒரே கணத்தில் இறங்கும். இறங்கியதும் அந்தத் தண்ணீரில் ஒரு பகுதி அப்போதே நீராவியாக மாறும். ஒரு லிட்டர் தண்ணீர் முழுதும் நீராவியானால் அது 1,600 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். ஓட்டுபவர் உட்காருவது நெருப்பு எரியும் ஃபயர் பாக்ஸின் கதவுக்கு நேர் எதிரில். அவருக்கு முதுகுப்புறம் அண்டை வீட்டுப் பிள்ளைகள்.

செம்புத் தகட்டை வெட்டி, வளைத்து, வெள்ளிப் பற்று வைத்து ஒழுங்காகக் கட்டிய பாய்லர் பல பத்தாண்டு உழைக்கும். வெள்ளிப் பற்று இளக 600 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும் என்பதால் அதில் கவலை குறைவு. பழைய பாய்லர்கள் சிலவற்றில் சிக்கல் வேறு. ஃபயர் பாக்ஸின் உள்தகட்டையும் வெளித்தகட்டையும் பிணைக்கும் ஸ்டே கம்பிகளை மரையிட்டு முடுக்கி, கசிவை அடைக்க அவற்றின் தலையில் ஈயப் பற்று ஊற்றுவது அக்காலத்து வழக்கம். சாதாரண வெள்ளீயமும் காரீயமும் கலந்த பற்று 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். 100 பவுண்டு அழுத்தத்தில் தண்ணீரே 170 டிகிரியில் இருக்கிறது. ஒரு முறை தண்ணீர் மட்டம் இறங்கி, ஃபயர் பாக்ஸின் மேல்தகடு நெருப்பில் வறண்டிருந்தால் அந்தப் பற்று இருந்த இடத்தில் இருக்காது. பழைய பாய்லர் என்பதற்காகவே ஒதுக்க வேண்டியதில்லை. எந்தப் பற்றால் கட்டியது என்பதை மட்டும் கேட்டறியாமல் விடக்கூடாது.

7¼ அங்குலம் போன்ற பெரிய எஞ்சின்களில் எஃகு பாய்லர்கள் அதிகம். எஃகு உள்ளிருந்து துருப்பிடித்து, குழி விழுந்து மெலியும். தண்ணீரில் மருந்து கலந்து பராமரித்தாரா, ஓட்டி முடித்ததும் வடித்து உலர்த்தினாரா என்பதைப் பொறுத்தே அதன் ஆயுள். வெளித்தோற்றம் இதைக் காட்டாது. மீயொலிக் கருவியால் தகட்டின் கனத்தை அளந்து பார்ப்பது ஒன்றே நம்பகமான வழி.

காகிதம் பேசட்டும்

எஞ்சினைப் பார்க்கப் போகும் முன்பே, தொலைபேசியிலேயே கேட்க வேண்டியது பாய்லரின் சோதனைச் சான்றிதழ். பிரிட்டனின் மாடல் எஞ்சினியர் சங்கக் கூட்டமைப்புகள் சேர்ந்து வகுத்த பாய்லர் சோதனை விதித்தொகுப்பு ஒன்று உண்டு. சங்கத்தின் பாய்லர் பரிசோதகர் அதன்படி இரண்டு சோதனைகள் செய்வார். ஒன்று குளிர்ந்த தண்ணீரால் செய்யும் அழுத்தச் சோதனை. புதிய பாய்லருக்கு முதல் முறை வேலை அழுத்தத்தைப் போல் இரண்டு மடங்கும், அதன் பிறகு ஒவ்வொரு முறையும் ஒன்றரை மடங்கும் ஏற்றிப் பார்ப்பார். 80 பவுண்டு பாய்லர் முதலில் 160-ஐயும் பின்னர் 120-ஐயும் தாங்க வேண்டும். செம்பு பாய்லருக்கு இதை நான்கு ஆண்டுக்கு ஒரு முறை செய்வது வழக்கம், எஃகுக்கு இடைவெளி குறைவு. இன்னொன்று ஆண்டுதோறும் செய்யும் நீராவிச் சோதனை. நெருப்பை முழு வீச்சில் எரியவிட்டு, சேஃப்டி வால்வு திறந்து கொட்டும்போது அழுத்தம் வேலை அழுத்தத்தை 10 சதவீதத்துக்கு மேல் தாண்டாமல் நிற்கிறதா, தண்ணீர் மட்டக் கண்ணாடி உண்மையைக் காட்டுகிறதா, தண்ணீர் ஊட்டும் வழிகள் வேலை செய்கின்றனவா என்று அதில் பார்ப்பார்கள்.

சான்றிதழ் இல்லாத எஞ்சினை எந்தச் சங்கமும் தன் தண்டவாளத்தில் ஏற்றாது. விபத்து நேர்ந்தால் இழப்பீடு தரும் காப்பீடும் அந்தக் காகிதத்தின் மேல்தான் நிற்கிறது. ஆகவே சான்றிதழ் உண்டு என்ற பதில் போதாது. அதில் எழுதிய எண்ணும் பாய்லரில் பொறித்த எண்ணும் ஒன்றா என்று நேரில் ஒப்பிட்டுப் பாருங்கள். தேதியைப் பாருங்கள். எந்தச் சங்கம், யார் பரிசோதகர் என்று குறித்துக்கொண்டு அந்தச் சங்கத்துக்கே எழுதிக் கேளுங்கள். பெரும்பாலும் அன்போடு பதில் சொல்வார்கள், அந்த எஞ்சினின் வரலாற்றையே சேர்த்துச் சொல்பவர்களும் உண்டு.

‘காலாவதியாகிவிட்டது, ஆனால் சுலபமாகப் பாஸ் ஆகிவிடும்’ என்று விற்பவர் சொன்னால், பதில் ஒன்றே: பாஸ் ஆகட்டும், பிறகு வாங்குகிறேன். அவ்வளவு சுலபமென்றால் விற்கும் முன் அவரே செய்திருக்கலாம். சான்றிதழ் இல்லாத எஞ்சினுக்கு, பாய்லரே இல்லாத எஞ்சினின் விலையை மட்டும் மனத்தில் வையுங்கள். தொழில்முறையில் ஒரு புதிய செம்பு பாய்லர் செய்துவாங்கப் பல ஆயிரம் பவுண்டு ஆகும், வரிசையில் காத்திருக்கவும் வேண்டும். எஞ்சினுக்குக் கொடுத்த விலையையே அது தாண்டிவிடக்கூடும்.

பாய்லரைச் செய்தது தனிமனிதரா நிறுவனமா என்பதும் காகிதத்தில் தெரிய வேண்டும். சொந்த உபயோகத்துக்குச் செய்தவர் என்றால், கட்டும்போதே பரிசோதகர் பார்த்துக் கையெழுத்திட்ட பதிவுகள் இருக்கும். ஐரோப்பிய அழுத்தக் கருவி விதிகள் 2002 மே 29 முதல் கட்டாயமாயின. அதன் பிறகு நிறுவனம் ஒன்று செய்து விற்ற 2 லிட்டருக்கு மேற்பட்ட பாய்லரானால் சி.இ. முத்திரையும் அதற்கான ஆவணமும், பிரிட்டன் தனி முத்திரை கொண்டுவந்த பின் செய்ததானால் சி.இ. அல்லது யு.கே.சி.ஏ. முத்திரையும், கேட்டுப் பார்க்க வேண்டியவை. பாதி முடித்த எஞ்சின்கள் மலிவாக வரும். அவற்றில் யாரும் பரிசோதிக்காமல் கட்டி மூடிய பாய்லர் இருந்தால், பிறகு பார்க்கும் பரிசோதகர் அதை ஏற்க மறுக்கலாம். பாதி வேலையில் நின்ற எஞ்சினை வாங்கும் முன் உங்கள் சங்கத்துப் பரிசோதகரிடம் படத்தைக் காட்டி ஒரு வார்த்தை கேளுங்கள்.

குளிர்ந்த எஞ்சினைப் பார்ப்பது

நீங்கள் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சூடாக இருக்கும் எஞ்சினில் கையை விட்டுப் பார்க்க முடியாது. அதோடு, பற்றவைத்த நேரம் முதல் நடப்பதையெல்லாம் காணும் வாய்ப்பும் போய்விடும்.

டார்ச் விளக்கும், கைபேசியோடு இணைக்கக்கூடிய மெல்லிய குழாய்க் கேமராவும் போதும். குழாய்க் கேமரா மலிவுதான். ஃபயர் பாக்ஸ் கதவைத் திறந்து மேல்தகட்டைப் பாருங்கள். அது நேராக இருக்க வேண்டும். கீழ்நோக்கிப் பிதுங்கியிருந்தால் என்றோ தண்ணீரில்லாமல் நெருப்பில் நின்றிருக்கிறது என்று பொருள். அந்த எஞ்சினை விட்டு வந்துவிடுங்கள், பேரம் வேண்டாம். ஸ்டே தலைகளைச் சுற்றியும், புகைக்குழாய்கள் தகட்டில் சேரும் இடங்களிலும், ஃபயர் பாக்ஸின் அடிவளையத்திலும் பச்சைக் களிம்போ வெள்ளைப் படிவோ தெரிகிறதா? தண்ணீர் கசிந்து கசிந்து உலர்ந்த தடம் அது. முன்பக்கப் புகைப்பெட்டியிலிருந்தும் குழாய் முனைகளைப் பாருங்கள். பொருத்துகள் முடுக்கும் புஷ்கள் வெண்கலமா பித்தளையா என்று கேளுங்கள். பித்தளையானால் காலப்போக்கில் அதிலிருக்கும் துத்தநாகம் கரைந்து, செம்புநிறப் பஞ்சுபோன்ற பொருள் மட்டும் மிஞ்சும். மரை ஒருநாள் கையோடு வரும்.

புதுப் பெயின்ட் பற்றி ஒரு வார்த்தை. ஓர் எஞ்சினை விற்பதற்கு முன் பளபளப்பாக்குவது தவறில்லை, அதில் உழைப்பும் பெருமையும் இருக்கின்றன. ஆனால் பாய்லர் உறையின் அடிப்பகுதியில், சேஃப்டி வால்வைச் சுற்றி, சிலிண்டர் மூடிகளின் ஓரத்தில் மட்டும் பெயின்ட் புதிதாக இருந்தால், அங்கே ஏன் என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இருந்தால் நல்லது.

பழைய எஞ்சின்களில் இன்னொரு ஆபத்து பாய்லர் உறைக்குள் மறைந்திருக்கும். சூடு வெளியேறாமல் இருக்க அந்தக் காலத்தில் கல்நார், அதாவது அஸ்பெஸ்டாஸ், சுற்றினார்கள். வால்வுகளின் கிளாண்டுகளில் கல்நார்க் கயிறு அடைத்தார்கள். பிரிட்டனில் 1999-இல் எல்லா வகைக் கல்நாருக்கும் தடை வந்துவிட்டது, கல்நார் உள்ள பழைய பொருளை விற்பதும் பொதுவாகச் சட்டவிரோதம். எந்த ஆண்டு கட்டியது, உறையைக் கழற்றி மாற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள். தெரியாது என்றால் நீங்களே உறையைக் கழற்றித் தூசி தட்டிப் பார்க்காதீர்கள். சிறு மாதிரியை முறையாக எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப அதற்குரியவர்கள் இருக்கிறார்கள். நுரையீரலில் போய்த் தங்கிய கல்நார் இழை பல பத்தாண்டு கழித்து நோயாகத் திரும்பும். இதில் அலட்சியம் காட்டுவோரைக் காணும்போது எனக்கு உண்மையாகவே கவலை வருகிறது.

இனிச் சக்கரங்கள். தண்டவாளத் துண்டில் வைத்து, சிலிண்டர் வடிகுழாய்களைத் திறந்துவிட்டு, கையால் மெல்லத் தள்ளுங்கள். ஒரு சுற்றில் ஒரே இடத்தில் மட்டும் இறுகிப் பிடித்தால், இரு பக்கச் சக்கரங்களின் கிராங்க் முளைகளுக்கும் இடையில் இருக்க வேண்டிய 90 டிகிரிக் கோணம் பிசகியிருக்கலாம், அல்லது சக்கரம் அச்சில் நழுவியிருக்கலாம். இணைப்புத் தண்டுகளைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கொஞ்சம் ஆட்டம் எல்லாப் பழைய எஞ்சினிலும் உண்டு, அதைக் கண்டு பயப்பட வேண்டாம். கடகடவென்று ஆடினால் புஷ் மாற்ற வேண்டும். ஆக்ஸில் பாக்ஸ், வால்வு கியர் முளைகள், சக்கர விளிம்பின் தேய்மானம் இவையும் அப்படியே. எல்லாம் பட்டறையில் தீர்க்கக்கூடியவை. வார்ப்பிரும்பு சிலிண்டரானால் ஈரத்தோடு நிறுத்திவைத்திருந்தாரா என்று கேளுங்கள், உள்ளே துரு பிடித்தால் பிஸ்டன் வளையமும் சுவரும் கெடும். புகைப்பெட்டியின் அடி, சாம்பல் தட்டு, சட்டகத்தின் பின்பகுதி ஆகியவை ஈரச் சாம்பலால் அரிக்கும் இடங்கள். கண்டால் விலையைக் குறைக்கக் கேளுங்கள், வாங்காமல் விடக் காரணமில்லை.

நீராவியேற்றிப் பார்க்கும் நாள்

‘காற்றில் அருமையாக ஓடுகிறது’ என்று விளம்பரங்களில் எழுதுவார்கள். காற்று கம்ப்ரசரை இணைத்து 20, 30 பவுண்டு அழுத்தத்தில் சக்கரத்தைச் சுழற்றிக் காட்டும் காணொளியும் இருக்கும். சக்கரமும் வால்வும் அசைகின்றன என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. பாய்லரைப் பற்றி ஒன்றுமே சொல்லாது. கம்ப்ரசர் காற்றைப் பாய்லருக்குள்ளேயே செலுத்தி உறுதியைச் சோதிக்கிறேன் என்று யாராவது முன்வந்தால் தடுத்துவிடுங்கள். தண்ணீர் அநேகமாக அமுங்காது, அதனால் தண்ணீர்ச் சோதனையில் கலன் கிழிந்தாலும் ஒரு பீச்சலோடு அழுத்தம் போய்விடும். அமுங்கிய காற்று அப்படியல்ல, விரிந்துகொண்டே கிழிசலைப் பெரிதாக்கி உலோகத் துண்டுகளை வீசும்.

சான்றிதழ் உயிரோடிருக்கும் எஞ்சினை, சங்கத் தண்டவாளத்தில், விற்பவரே பற்றவைத்து ஓட்டிக்காட்டுவது சிறந்தது. மின்விசிறியைப் புகைபோக்கியில் வைத்து உறிஞ்சவிட்டால் அரை மணிக்குள் அழுத்தம் ஏறத் தொடங்கிவிடும். ஏறும்போது கேஜ் முள் ஒரே சீராக நகர்கிறதா பாருங்கள். தண்ணீர்க் கண்ணாடியின் கீழ்க் குழாயைத் திறந்து மூடச் சொல்லுங்கள். மட்டம் விழுந்து உடனே துள்ளி ஏறினால் வழிகள் சுத்தம். சோம்பலாக ஏறினால் அடைப்பு உண்டு, கண்ணாடி பொய் சொல்கிறது. தண்ணீர் ஊட்ட ஒன்றுக்கு இரண்டு வழிகள் வேண்டும்: அச்சால் ஓடும் பம்ப், ஹேண்ட் பம்ப், இன்ஜெக்டர் இவற்றில் ஏதேனும் இரண்டு. இரண்டையும் உங்கள் கண்முன் இயக்கச் சொல்லுங்கள். சேஃப்டி வால்வு எந்த அழுத்தத்தில் திறக்கிறது, எவ்வளவு சீக்கிரம் மூடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஓடத் தொடங்கியதும் காதைத் தீட்டுங்கள். இரட்டை சிலிண்டர் எஞ்சின் சக்கரம் ஒரு சுற்றுக்கு நான்கு முறை ‘சஃப்’ என்று மூச்சுவிடும். நான்கும் ஒரே இடைவெளியில், ஒரே கனத்தில் வந்தால் வால்வு அமைப்பு சரி. ஒன்று வலுத்து ஒன்று மெலிந்தால் வால்வைச் சரிசெய்ய வேண்டும், அது ஒரு பிற்பகல் வேலை. மூச்சுகளுக்கு நடுவே ஓயாத சீறல் கேட்டால் பிஸ்டன் வளையமோ வால்வு முகமோ தேய்ந்திருக்கிறது. லூப்ரிகேட்டர் எண்ணெயை அனுப்புகிறதா என்பதைப் புகைபோக்கியைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு படிவதை வைத்து அறியலாம். எண்ணெய் போகாமல் ஓடிய எஞ்சினின் சிலிண்டர்கள் நாளைக்கு உங்கள் செலவு.

ஓட்டம் முடிந்து அழுத்தம் இறங்கியபின் கிளம்பிவிடாதீர்கள். நெருப்பைக் கொட்டிவிட்டு மீண்டும் டார்ச் அடித்து ஃபயர் பாக்ஸைப் பாருங்கள். சூட்டில் விரிந்து, ஆறும்போது சுருங்கும் நேரத்தில்தான் மெலிந்த இணைப்புகள் வியர்க்கும். குழாய் முனையில் ஒரு சொட்டு நின்றாலும் பரிசோதகரிடம் காட்டாமல் முடிவெடுக்க வேண்டாம்.

விற்பவர் நீராவியேற்றிக் காட்ட மறுத்தால்? நேர்மையான காரணம் இருக்கலாம். கணவர் இறந்தபின் அவருடைய எஞ்சினை விற்கும் மனைவிக்கு அதை ஓட்டத் தெரியாது. அவரை அவசரப்படுத்தவும் கூடாது, அவருடைய அறியாமையைப் பயன்படுத்தி அடிமாட்டு விலைக்குக் கேட்கவும் கூடாது. அருகிலுள்ள சங்கத்தை அணுகி, சோதனைக்கு ஏற்பாடு செய்ய முடியுமா என்று இருவருமாகக் கேளுங்கள். விலை பேசி முடித்தாலும், ‘சங்கப் பரிசோதகரின் தண்ணீர் அழுத்தச் சோதனையிலும் நீராவிச் சோதனையிலும் தேறினால் மட்டுமே விற்பனை உறுதி, தேறாவிட்டால் முன்பணம் முழுதும் திரும்பத் தரப்படும்’ என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அந்த ஒரு வாக்கியம் பின்னால் நூறு வாக்குவாதத்தைத் தவிர்க்கும். சான்றிதழோ வரலாறோ தெரியாத பாய்லரை மட்டும் ‘சும்மா பார்க்கலாம்’ என்று கொட்டகையில் பற்றவைக்காதீர்கள், யார் வற்புறுத்தினாலும்.

சட்டம் யாருக்கு, எவ்வளவு

இங்கே சொல்வது இங்கிலாந்து, வேல்ஸ் நிலவரம். ஸ்காட்லாந்தில் நீதிமன்ற நடைமுறையும் காலவரம்பும் வேறு.

விற்பவர் வணிகரா, தனிமனிதரா என்பதுதான் எல்லாவற்றுக்கும் முதல் கேள்வி. வணிகரிடம் வாங்கினால் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் பழைய பொருளுக்கும் பொருந்தும். பொருள் சொன்னபடி இருக்க வேண்டும், நோக்கத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், வயதையும் விலையையும் கணக்கில் கொண்டு திருப்தியான தரத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் முதல் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். அதன் பிறகு, பழுதுநீக்கவோ மாற்றித்தரவோ வணிகருக்கு ஒரு வாய்ப்பு. அதுவும் பலிக்காவிட்டால் விலைக்குறைப்போ பணத்தைத் திரும்பப் பெறுவதோ. 30 நாளுக்குப் பிந்தைய இந்தப் பரிகாரங்களைக் கேட்கும்போது, ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை விற்கும்போதே இருந்ததாகவே கருதப்படும், இல்லை என்று நிரூபிப்பது வணிகர் பொறுப்பு. தொலைபேசியிலோ இணையத்திலோ வணிகரிடம் வாங்கியிருந்தால், பொருள் கைக்கு வந்தபின் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துசெய்யும் உரிமையும் பொதுவாக உண்டு.

இதில் ஒரு முக்கியமான விலக்கைப் பலர் கவனிப்பதில்லை. வாங்கும் முன் விற்பவர் சுட்டிக்காட்டிய குறைக்கும், நீங்கள் பரிசோதித்தபோது கண்ணில் பட்டிருக்க வேண்டிய குறைக்கும் தரத்தின் பேரில் பின்னால் வழக்காட முடியாது. அரைகுறையாகப் பார்ப்பது சில சமயம் பார்க்காமல் இருப்பதைவிடக் கெடுதல் ஆகிவிடுகிறது. பார்த்தால் முழுதாகப் பாருங்கள், பார்த்ததைத் தேதியோடு எழுதிவையுங்கள்.

தனிமனிதரிடம் வாங்கும்போது தரம், ஏற்றது என்ற உத்தரவாதங்கள் இல்லை. எஞ்சின் அவர் வருணித்தபடி இருக்க வேண்டும், அதை விற்க அவருக்கு உரிமை இருக்க வேண்டும், இவ்விரண்டும் 1979-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தில் உண்டு. தெரிந்தோ கவனக்குறைவாலோ பொய்த் தகவல் சொல்லி வாங்கவைத்திருந்தால் 1967-ஆம் ஆண்டுத் தவறான தகவல் சட்டம் கைகொடுக்கும். ஆகவே, ‘பாய்லர் 2022-இல் சோதனையில் தேறியது, அதன் பிறகு பழுது எதுவும் இல்லை’ போன்ற வாக்கியங்களை வாய்ப்பேச்சில் விடாமல் மின்னஞ்சலில் வாங்குங்கள். விளம்பரத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், விற்றதும் அது மறைந்துவிடும். வணிகர் ஒருவர் தனிமனிதர் வேடத்தில் விற்பது சட்டப்படி தடைசெய்யப்பட்ட நடைமுறை. ஒரே ஆள் மாதந்தோறும் எஞ்சின் விற்கிறார் என்றால் அவர் வணிகர்தானா என்று விசாரியுங்கள்.

ஏலத்தில் நிலைமை இன்னும் கடினம். பொதுமக்கள் நேரில் கலந்துகொள்ளக்கூடிய பொது ஏலத்தில் விற்கும் பழைய பொருளுக்கு, நுகர்வோர் உரிமைச் சட்டத்தின் தரப் பாதுகாப்புகள் கிடைக்காது. சுத்தியல் விழுந்த விலைக்கு மேல் ஏல நிறுவனத்தின் கமிஷனும் அதன் மேல் வரியும் சேரும். ஏலத்துக்கு முந்தைய பார்வை நாளில் நேரில் போய்ப் பார்க்க முடியாதென்றால் கையைத் தூக்காதீர்கள்.

திருட்டும் நடக்கிறது. எஞ்சின்களைக் கொட்டகைகளிலிருந்து களவாடி விற்பவர்கள் உண்டு. திருடிய பொருளை நல்லெண்ணத்தோடு வாங்கினாலும் அது உங்களுடையதாகாது, உண்மையான உரிமையாளர் கேட்டால் கொடுக்க வேண்டும். பாய்லர் எண், வரைபடம், கட்டும்போது எடுத்த படங்கள், பழைய ரசீதுகள் இவை விற்பவரிடம் இருந்தால் பாதிக் கவலை தீரும். ஒன்றுமே இல்லாமல், விலையும் மலிவாக, வாகன நிறுத்துமிடத்தில் சந்திக்கலாம் என்று சொன்னால் போகாதீர்கள்.

பணம் கொடுக்கும் முறையும் பாதுகாப்பின் ஒரு பகுதிதான். வணிகரிடம் 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரையிலான விலையில் ஒரு பகுதியையாவது கடன் அட்டையில் கொடுத்தால், 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவுப்படி அட்டை நிறுவனமும் வணிகரோடு சேர்ந்து பொறுப்பாகும். வங்கிப் பரிமாற்றத்தில் அந்தப் பாதுகாப்பு இல்லை. இல்லாத எஞ்சினின் படத்தைக் காட்டிப் பணம் பறிக்கும் மோசடிக்கு மட்டும், 2024 அக்டோபர் 7 முதல் வங்கிகள் 85,000 பவுண்டு வரை திருப்பித் தர வேண்டும் என்ற விதி வந்திருக்கிறது. வந்துசேர்ந்த எஞ்சின் பழுதானது என்ற தகராறுக்கு அது பொருந்தாது.

வாங்கியபின் குறை தெரிந்தால் அன்றே நெருப்பை அணைத்து நிறுத்துங்கள். நீங்களே பற்று வைத்துச் சரிசெய்யத் தொடங்காதீர்கள், அத்தோடு சாட்சியும் அழிந்துபோகும். தொடர்பில்லாத பாய்லர் பரிசோதகரிடமோ தொழில்முறைப் பாய்லர் செய்பவரிடமோ எழுத்தில் அறிக்கை வாங்கி, படங்களோடு விற்பவருக்கு எழுதுங்கள். என்ன குறை, எந்த உரிமையின் பேரில் கேட்கிறீர்கள், எத்தனை நாளுக்குள் பதில் வேண்டும் என்பது அதில் தெளிவாக இருக்கட்டும். வணிகரானால் 30 நாள் கடக்கும் முன்பே ‘ஏற்க மறுக்கிறேன்’ என்ற சொல் எழுத்தில் போயிருக்க வேண்டும். வழி தெரியாவிட்டால் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பு இலவசமாக ஆலோசனை தரும், வேண்டியபோது உள்ளாட்சியின் வணிகத் தரக் கண்காணிப்புப் பிரிவுக்கும் தகவல் அனுப்பும். அப்படியும் பதிலில்லை என்றால் 10,000 பவுண்டுக்கு உட்பட்ட கோரிக்கையைச் சிறு வழக்கு முறையில், வழக்கறிஞர் இல்லாமலே நீதிமன்றத்தில் தாக்கல் செய்யலாம். ஒப்பந்த மீறலுக்கு ஆறு ஆண்டு வரை காலம் உண்டு. ஆனால் பாய்லர் விஷயத்தில் காத்திருந்தால், குறை விற்கும்போதே இருந்ததா, நீங்கள் ஓட்டியதால் வந்ததா என்ற கேள்விக்குப் பதில் சொல்வது ஒவ்வொரு மாதமும் கடினமாகும்.

ஏற்கெனவே எஞ்சின் வைத்திருப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். பாய்லர் சான்றிதழ்கள், எந்தப் பற்றால் கட்டியது என்ற குறிப்பு, வரைபடத்தின் பெயர், வாங்கிய ரசீது, உங்கள் சங்கத்தில் தொடர்புகொள்ள வேண்டியவரின் பெயர் ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு, அது எங்கே இருக்கிறது என்று வீட்டாரிடம் சொல்லிவையுங்கள். ஒருநாள் அவர்கள் அதை விற்க நேரும்போது நியாயமான விலை கிடைக்கவும், வாங்குபவர் அதைப் பத்திரமாகப் பற்றவைக்கவும் அந்த உறை உதவும்.